நுங்கம்பாக்கத்தில் ‘கண்டுபிடித்த’ கிரகம்... நட்சத்திரம் தள்ளாடினால் என்ன அர்த்தம்?

சென்னை நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மையம் எங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். புயல் வந்தால் எல்லா டி.வி கேமராவும் போய் நிற்கிற இடம். அந்த வளாகத்துக்குள் ஒரு பழைய கருங்கல் தூண் இருக்கிறது. 1792-ல் கிழக்கிந்திய கம்பெனி கட்டிய மெட்ராஸ் வானாய்வகத்தின் மிச்சம் அது. நட்சத்திரங்களைப் பார்க்கும் கருவியை ஆடாமல் அசையாமல் தாங்குவதற்காக நட்ட தூண்.

1855-ல் அந்த ஆய்வகத்தின் தலைவராக இருந்த கேப்டன் டபிள்யூ.எஸ்.ஜேக்கப் ஒரு கட்டுரை வெளியிட்டார். ‘70 ஒஃபியூக்கி’ என்ற இரட்டை நட்சத்திரத்தைப் பற்றியது. இரண்டு நட்சத்திரங்களும் ஒன்றையொன்று சுற்றி வரும் பாதை, கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்திலிருந்து கொஞ்சம் விலகுகிறது. காரணம், கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரகம் அங்கே இருக்கலாம் என்றார் ஜேக்கப்.

நம்முடைய சூரியனைத் தாண்டி, இன்னொரு நட்சத்திரத்துக்குக் கிரகம் இருக்கிறது என்று அளவீடுகளைக் காட்டிச் சொன்ன மிகப் பழைய அறிவிப்புகளில் ஒன்று இது. அதுவும் நம்ம சென்னையில் இருந்து!

உடனே காலரைத் தூக்கி விட்டுக்கொள்ள வேண்டாம். அந்தக் கிரகம் அங்கே இல்லை. அளவீட்டுப் பிழையைத்தான் கிரகம் என்று நம்பினார்கள். ஆனால், ஜேக்கப் யோசித்த வழி ரொம்ப சரி. அதே வழியில்தான் இன்று சூரியனைப் போல 33 மடங்கு எடையுள்ள ஒரு கருந்துளையையே பிடித்திருக்கிறார்கள்.

அந்த வழிக்குப் பெயர் ஆஸ்ட்ரோமெட்ரி. தமிழில் வானளவையியல். நட்சத்திரம் வானத்தில் எங்கே இருக்கிறது என்பதை மிகமிகத் துல்லியமாக அளந்து, திரும்பத் திரும்ப அளந்து, அது நகரும் விதத்தை வைத்து அதன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று சொல்வது. கேட்க சிம்பிளா இருக்குல்ல? ஆனால், இதை நம்பி ஏமாந்தவர்கள் பட்டியலில் பெரிய பெரிய ஆட்கள் இருக்கிறார்கள்.

தட்டாமாலை தத்துவம்

சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். இரண்டு பேர் கையைக் கோத்துக்கொண்டு சுற்றுவது. இரண்டு பேரும் ஒரே எடை என்றால், நடுவில் உள்ள ஒரு புள்ளியை இரண்டு பேரும் சமமாகச் சுற்றி வருவார்கள். இப்போது ஒரு பக்கம் உங்கள் மாமா, இன்னொரு பக்கம் 5 வயதுக் குழந்தை. குழந்தை பெரிய வட்டம் போடும். மாமா நின்ற இடத்திலேயே சுற்றுவது போலத் தெரியும். ஆனால், உற்றுப் பார்த்தால் அவரும் பின்னால் சாய்ந்தபடி ஒரு குட்டி வட்டம் போட்டுக்கொண்டுதான் இருப்பார்.

இப்போது கரன்ட் கட். இருட்டு. மாமாவின் தலையில் மட்டும் ஒரு டார்ச் லைட். குழந்தை தெரியவில்லை. ஆனால், அந்த வெளிச்சம் ஒரு குட்டி வட்டம் போடுவதைப் பார்த்தாலே, ‘இவர் யார் கையையோ பிடித்துக்கொண்டிருக்கிறார்’ என்று சொல்லிவிடலாம். வட்டம் எவ்வளவு பெரியது, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தால், கூட இருப்பது குழந்தையா, இன்னொரு மாமாவா என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம்.

நட்சத்திரம்தான் டார்ச் மாமா. அதன் வெளிச்சத்தில் மறைந்துபோகிற கிரகமோ, ஒளியே விடாத கருந்துளையோதான் அந்தக் குழந்தை. கயிறு இல்லாத இந்தக் கைகோப்புக்குப் பெயர் ஈர்ப்பு விசை.

நம் சூரியனும் இப்படித்தான் ஆடுகிறது. வியாழன் சூரியனைச் சுற்றுகிறது என்று பள்ளியில் படித்தோம். உண்மையில் இரண்டும் ஒரு பொது மையத்தைச் சுற்றுகின்றன. அந்த மையம் சூரியனின் மேற்பரப்புக்குச் சற்று வெளியே இருக்கிறது. கிட்டத்தட்ட 12 வருடத்துக்கு ஒருமுறை சூரியன் அதை ஒரு ரவுண்டு அடிக்கிறது.

எவ்வளவு சின்ன தள்ளாட்டம்?

போனைப் பிடிக்காத கையை நேராக நீட்டி, சுண்டு விரலைத் தூக்குங்கள். அந்த விரலின் அகலம் வானத்தில் சுமார் 1 டிகிரியை மறைக்கும். முழு நிலா அதில் பாதிதான், அரை டிகிரி. அந்த 1 டிகிரியை 3,600 துண்டாக வெட்டினால் ஒரு துண்டுக்குப் பெயர் 1 ஆர்க் செகண்ட். ஒரு ரூபாய் நாணயத்தை நாலரை கிலோமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் எவ்வளவு அகலம் தெரியுமோ, அவ்வளவு.

வேற்று கிரகவாசி ஒருவர் 33 ஒளி ஆண்டுகள் தள்ளியிருந்து நம் சூரியனைப் பார்க்கிறார் என்று வையுங்கள். வியாழனால் சூரியன் ஆடும் ஆட்டம் அவருக்கு 1 ஆர்க் செகண்டில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் தெரியும். பூமியால் ஏற்படும் ஆட்டம் அதைவிட 1,600 மடங்குக்கும் மேல் சின்னது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. நட்சத்திரத்தின் இடம் மாறுவதற்குக் கூட்டாளி மட்டும் காரணமில்லை. முதலாவது, ஒவ்வொரு நட்சத்திரமும் விண்வெளியில் தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது, நாம் நிற்கிற பூமி சூரியனைச் சுற்றுகிறது. ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடி உங்கள் விரலைப் பாருங்கள். விரல் பின்னால் உள்ள சுவரில் தாவும் இல்லையா? அதேபோல ஜனவரியில் ஒரு இடத்தில் தெரியும் நட்சத்திரம் ஜூலையில் லேசாக நகர்ந்து தெரியும். இடமாறு தோற்றம் என்பார்கள். இதை வைத்துத்தான் நட்சத்திரத்தின் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள்.

இந்த இரண்டு நகர்வையும் கழித்த பிறகு, ஏதாவது மிச்சம் இருந்தால், அந்த மிச்சத்தில்தான் கூட்டாளியின் கதை இருக்கிறது.

பெஸல் சொன்னார்... 18 வருடம் கழித்து தெரிந்தது!

இந்தக் கதையின் முதல் ஹீரோ ஃபிரெட்ரிக் பெஸல். ஜெர்மனிக்காரர். பதின்ம வயதில் பிரேமன் நகரத்தில் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கு வழக்கு பார்க்கும் பயிற்சிப் பையனாகச் சேர்ந்தவர். வானியலைத் தானாகவே படித்து, கோனிக்ஸ்பெர்க் வானாய்வகத்தின் தலைவராக உயர்ந்தார். அந்த ஊர் இன்று ரஷ்யாவில் உள்ள கலினின்கிராட்.

1838-ல் ‘61 சிக்னி’ என்ற நட்சத்திரத்தின் இடமாறு தோற்றத்தை அளந்து, அதன் தூரத்தைச் சொன்னார். சூரியனைத் தவிர வேறொரு நட்சத்திரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மனிதர்கள் நம்பகமாகத் தெரிந்துகொண்டது அப்போதுதான். அவர் சொன்னது 10 ஒளி ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். இன்றைய கணக்கு 11.4. கண்ணாலும் கையாலும் அளந்த காலத்துக்கு இது செம துல்லியம்!

அடுத்ததாக அவர் கைவைத்தது இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ். பல பத்தாண்டுகளின் அளவீடுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, சிரியஸ் நேர்க்கோட்டில் போகவில்லை. அலை அலையாக வளைந்து நெளிந்து போகிறது. சிரியஸுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை இருக்கிறது என்று 1844-ல் அறிவித்தார். புரோசியான் என்ற நட்சத்திரத்துக்கும் அப்படியே.

அப்போது இது பெரிய துணிச்சல். நட்சத்திரம் என்றாலே ஒளிர்வதுதானே... ஒளிராத நட்சத்திரத்தை எப்படி நம்புவது? பெஸலின் பதில் எளிமையானது. எண்ணற்ற நட்சத்திரங்கள் தெரிகின்றன என்பதால், தெரியாதவை இல்லை என்று ஆகிவிடாது. இரண்டு வருடத்தில், 1846-ல் பெஸல் இறந்துபோனார். அந்தத் துணையை அவர் பார்க்கவே இல்லை.

1862 ஜனவரி 31. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் லென்ஸ் செய்யும் கிளார்க் குடும்பத்தின் பட்டறையில், ஆல்வன் கிரஹாம் கிளார்க் 18.5 அங்குல லென்ஸ் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். சிரியஸை நோக்கித் திருப்பியபோது, பக்கத்தில் மங்கலாக ஒரு புள்ளி. பெஸல் சொன்ன அதே துணை! இன்று அதன் பெயர் சிரியஸ் பி. புரோசியானின் துணையும் 1896-ல் தெரிந்தது.

சிரியஸ் பி ஒரு விசித்திரம். எடை கிட்டத்தட்ட சூரியன் அளவு. சைஸ் கிட்டத்தட்ட பூமி அளவு. எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் மிச்சமான ‘வெண்குறு விண்மீன்’. இப்படிப்பட்ட நட்சத்திரங்கள் எவ்வளவு எடை வரை தாங்கும் என்ற கேள்விக்கு, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய ஒரு இளைஞர் பதில் கணக்கிட்டார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்.சந்திரசேகர்தான் அவர். பெஸல் கண்ட தள்ளாட்டத்தில் தொடங்கிய வழி இப்படி நம்ம ஊர்ப் பக்கமும் வந்து போயிருக்கிறது.

ஆடியது நட்சத்திரமா... லென்ஸா?

பெஸலின் வெற்றியைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களும் தள்ளாட்டத்தைத் தேடினார்கள். பெஸல் சொன்னது பலித்தது. நுங்கம்பாக்கம் ஜேக்கப் சொன்னது பலிக்கவில்லை. 70 ஒஃபியூக்கியில் மறைந்திருக்கும் கூட்டாளி இருப்பதாக 1890-களிலும் ஒருவர் சொன்னார். அப்படி ஒன்று இருந்தால் அந்தக் குடும்பமே நிலையாக நிற்காது என்று 1899-ல் கணக்குப் போட்டுக் காட்டினார் ஃபாரஸ்ட் ரே மோல்டன்.

இதைவிட மனதைக் கஷ்டப்படுத்தும் கதை பீட்டர் வான் டி கேம்ப்புடையது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள ஸ்ப்ரூல் வானாய்வகத்தின் இயக்குநர். 6 ஒளி ஆண்டுகள் தொலைவில் உள்ள ‘பர்னார்டு நட்சத்திரத்தை’ 1938-லிருந்து விடாமல் போட்டோ எடுத்தார். ஆயிரக்கணக்கான கண்ணாடித் தட்டுகள். கால் நூற்றாண்டு உழைப்பு. 1963-ல் அறிவித்தார்: ‘இந்த நட்சத்திரம் தள்ளாடுகிறது. வியாழனைவிடப் பெரிய கிரகம் ஒன்று 24 வருடத்துக்கு ஒருமுறை அதைச் சுற்றுகிறது.’

பாடப் புத்தகங்கள் வரை போனது அந்தக் கிரகம். ஆனால், அவர் அளந்த தள்ளாட்டம் போட்டோ தட்டில் சுமார் 1 மைக்ரான்தான். உங்கள் தலைமுடியின் தடிமனில் எழுபதில் ஒரு பங்கு இருக்கும்.

1973-ல் ஜார்ஜ் கேட்வுட்டும் ஹைன்ரிச் ஐக்ஹார்னும் வேறு தொலைநோக்கிகளில் எடுத்த தட்டுகளை அளந்தார்கள். தள்ளாட்டம் இல்லை. அதே வருடம் ஸ்ப்ரூலிலேயே வேலை பார்த்த ஜான் ஹெர்ஷி இன்னொன்றைக் கண்டார். அதே தொலைநோக்கியில் எடுத்த வேறொரு நட்சத்திரமும், அதே வருடங்களில், அதே மாதிரி இடம் தாவியிருந்தது. சம்பந்தமே இல்லாத இரண்டு நட்சத்திரங்கள் எப்படி ஒரே நாளில் தாளம் போடும்?

பழைய பதிவுகளைப் புரட்டினால் விடை. 1949-ல் அந்தத் தொலைநோக்கியில் லென்ஸைத் தாங்கும் சட்டத்தை மாற்றியிருந்தார்கள். பிறகும் லென்ஸைச் சரிசெய்திருந்தார்கள். அந்த நாள்களில்தான் நட்சத்திரங்களும் ‘தாவின’.

நீங்கள் ஒரு வீடியோ எடுக்கிறீர்கள். அதில் நண்பன் மட்டும் ஆடினால், நண்பன் ஆடுகிறான். நண்பன், மரம், பின்னால் உள்ள வீடு எல்லாமே சேர்ந்து ஆடினால், ஆடுவது உங்கள் கை. அவ்வளவுதான் விஷயம்.

வான் டி கேம்ப் இதைக் கடைசிவரை ஏற்கவில்லை. 1995 மே மாதம் இறந்தார். அதே வருடம் அக்டோபரில், சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் முதல் கிரகத்தை சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். வேறு முறையில், நட்சத்திர ஒளியின் நிறமாலையில் ஏற்படும் நகர்வை அளந்து. பர்னார்டு நட்சத்திரத்துக்கும் 2024, 2025-ல் அதே முறையில் நான்கு கிரகங்கள் உறுதியாகிவிட்டன. ஆனால், எல்லாமே பூமியைவிடச் சின்னவை, ஒரு வாரத்துக்குள் சுற்றிவிடுபவை. வான் டி கேம்ப் சொன்ன ராட்சதக் கிரகம் அங்கே இல்லவே இல்லை.

அவர் சோம்பேறி இல்லை. ஏமாற்றுக்காரர் இல்லை. தன் நட்சத்திரத்தைச் சந்தேகப்பட்ட அளவுக்குத் தன் லென்ஸைச் சந்தேகப்படவில்லை. இந்தத் துறையில் அதற்கு விலை ஒரு வாழ்நாள்.

பூமியை விட்டே கிளம்பிய கருவி

காற்று ஒளியைக் குலைக்கும். பூமியில் வைத்த தொலைநோக்கி தன் எடையிலேயே வளையும். வெயிலுக்கும் குளிருக்கும் லென்ஸ் மாறும். ‘அப்போ பூமியை விட்டே போயிடலாம்’ என்று முடிவெடுத்தது ஐரோப்பிய விண்வெளி நிறுவனம். 1989-ல் அனுப்பிய ஹிப்பார்கஸ் செயற்கைக்கோள் சுமார் 1,18,000 நட்சத்திரங்களைத் துல்லியமாக அளந்தது. அதன் வாரிசுதான் கயா. 2013 டிசம்பர் 19-ல் கிளம்பி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய் வேலையைத் தொடங்கியது.

உங்கள் போனில் 50 மெகாபிக்சல் கேமரா இருக்கலாம். கயாவின் கேமராவில் கிட்டத்தட்ட 100 கோடி பிக்சல்கள். ஆனால், அழகான போட்டோ எடுப்பது அதன் வேலை இல்லை. 6 மணி நேரத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, வெவ்வேறு திசையைப் பார்க்கும் இரண்டு தொலைநோக்கிகளால் வானத்தை வருடி, ஒவ்வொரு நட்சத்திரத்தின் இடத்தையும் குறித்துக்கொள்வது. அதுவும் மற்ற நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு. கருவி ஆடினால் எல்லாமே ஆடும், அப்போது பிழை பிடிபட்டுவிடும்.

சுமார் 200 கோடி நட்சத்திரங்களை, வருடக்கணக்கில், திரும்பத் திரும்ப அளந்தது கயா. பிரகாசமான நட்சத்திரங்களில் அதன் துல்லியம் எவ்வளவு என்றால், நிலாவில் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒட்டி வைத்தால், பூமியிலிருந்து பார்க்கும்போது அவற்றின் மொத்த அகலம் எவ்வளவோ அவ்வளவு!

திருவோணம் பக்கத்தில் ஒரு கருந்துளை

உங்கள் வீட்டில் யாருக்காவது திருவோண நட்சத்திரமா? வானத்தில் திருவோணம் என்பது ஆல்டேர் என்ற நட்சத்திரம். அது இருப்பது கழுகு விண்மீன் குழுவில். அதே குழுவின் திசையில், ஆனால் ஆல்டேரைத் தாண்டி ரொம்பத் தொலைவில், சுமார் 2,000 ஒளி ஆண்டுகள் தள்ளி ஒரு வயதான நட்சத்திரம் இருக்கிறது. கயா எடுத்த அளவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர்களை அது திடுக்கிட வைத்தது. 11.6 வருடத்துக்கு ஒருமுறை ஏதோ ஒன்றை அது சுற்றுகிறது. அந்த ‘ஏதோ ஒன்றின்’ எடை, 33 சூரியன்கள்.

33 சூரியன் எடையில் ஒரு நட்சத்திரம் இருந்தால் கொளுத்தி எடுத்திருக்கும். அங்கே ஒளியே இல்லை. அப்படியென்றால் கருந்துளை. 2024 ஏப்ரலில் இது அறிவிக்கப்பட்டது. பெயர், கயா பிஎச்3. நம் பால்வெளி மண்டலத்தில் இறந்த நட்சத்திரத்தால் உருவான கருந்துளைகளில், இதுவரை தெரிந்ததிலேயே எடை கூடியது இதுதான். பக்கத்து நட்சத்திரத்தை விழுங்கினால் கருந்துளையைச் சுற்றி எக்ஸ்-கதிர் மின்னும். இது எதையும் விழுங்காமல் சும்மா இருந்த கருந்துளை. ஜோடி தள்ளாடியதால்தான் மாட்டிக்கொண்டது.

கவனிக்க வேண்டிய விஷயம், கயா சொல்லிவிட்டது என்று அப்படியே நம்பவில்லை. பூமியில் உள்ள தொலைநோக்கிகளில் அந்த நட்சத்திரத்தின் வேகத்தைத் தனியாக அளந்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள். ஒத்துப்போனது.

இந்தப் பாடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு உதாரணம், 2025-ல் அறிவித்த கயா-4பி. 244 ஒளி ஆண்டுகள் தொலைவில், வியாழனைப் போல சுமார் 12 மடங்கு எடையுள்ள கிரகம். கயா காட்டிய தள்ளாட்டத்தில் சிக்கி, பூமியில் உள்ள தொலைநோக்கியால் உறுதியானது. ஆனால், அந்த ஆய்வில் சோதித்த நட்சத்திரங்கள் 28. அதில் 21 வெறும் இரட்டை நட்சத்திரங்கள். இரண்டும் ஒளிர்வதால், ஒன்றின் ஆட்டத்தை இன்னொன்றின் ஒளி பாதி மறைத்து, சின்னக் கிரகம் போல வேஷம் போட்டிருந்தன. சரிபார்க்காமல் அறிவித்திருந்தால், 21 ஜேக்கப்கள்!

அடுத்த முறை நியூஸ் வரும்போது...

கயாவின் எரிவாயு தீர்ந்துகொண்டே வந்ததால், 2025 ஜனவரி 15-ல் அளப்பதை நிறுத்தியது. மார்ச் 27-ல் நிரந்தரமாக அணைத்துவிட்டார்கள். அணைப்பதற்கு முன்னால், அதன் நினைவகத்தில் பழைய மென்பொருள் இருந்த இடத்தில், கயாவுக்காக உழைத்த சுமார் 1,500 பேரின் பெயர்களை எழுதி வைத்தார்கள். இப்போது அந்தப் பெயர்களோடு சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆனால், அது அளந்ததில் பெரும்பகுதி இன்னும் வெளியாகவில்லை. அடுத்த பெரிய தொகுப்பை 2026 டிசம்பரில் வெளியிடத் திட்டம். அதில் ஏராளமான புதிய கிரகங்கள் சிக்கலாம் என்று எதிர்பார்க்கிறார்கள். பூமி போன்ற குட்டிக் கிரகங்கள் அல்ல, அவற்றின் ஆட்டம் கயாவுக்கே எட்டாது. வியாழன் போன்ற பெரியவை.

அப்போது உங்கள் போனில் ‘புதிய கிரகம் கண்டுபிடிப்பு’ என்று நோட்டிஃபிகேஷன் வரும். ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை வருடம் அளந்தார்கள், அந்தக் கிரகம் ஒரு சுற்றாவது முடித்ததா? வேறு ஒருவர், வேறு ஒரு கருவியில், வேறு ஒரு முறையில் பார்த்தாரா? இது கிரகம் இல்லை என்றால் வேறு என்னவாக இருக்கலாம் என்று அவர்களே யோசித்துப் பார்த்தார்களா? மூன்றுக்கும் பதில் இருந்தால், தாராளமாக ஸ்டேட்டஸ் வையுங்கள்.

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மாலையில் மொட்டைமாடிக்குப் போனால், ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும். வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டை. அந்த வரிசையைத் தென்கிழக்குப் பக்கமாக நீட்டினால், பளிச்சென்று ஒன்று மின்னும். அதுதான் சிரியஸ். உங்களுக்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான் தெரியும். ஆனால், அது ஒன்றில்லை, இரண்டு. இருட்டில் கைகோத்து, 50 வருடத்துக்கு ஒரு சுற்று தட்டாமாலை ஆடிக்கொண்டிருக்கும் இரண்டு பேர்.